நிலாவில் ஒரு கையுறைக்காரி

அக்கா,

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் தர்ஷினி பாசாரிலிருந்து கெம்போங் மீன் வாங்கி வந்திருந்தாள். மசாலா தடவி, சுடுவதற்காக ஒவ்வொன்றாக அலுமினியத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தேன். தாளைக் கிழிக்கும்போது வரும் அந்தச் சரசரப்பு காதில் விழுந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. செம்பனை மரங்களுக்கு நடுவே, உடம்பு முழுக்க அலுமினியத் தாளைச் சுற்றிக்கொண்டு, வேர்த்து ஊற்ற நின்ற மாமாவின் முகம் கண்முன் வந்தது. உங்கள் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அன்று அவர் ரோபோ. ரோபோவுக்கு வேர்க்காது, முகத்தைத் துடைங்க என்று நீங்கள் கைப்பேசியைப் பிடித்தபடியே அவரை அதட்டினீர்கள்.

தனியாகச் சிரித்துவிட்டேன். என்னம்மா என்று தர்ஷினி எட்டிப் பார்த்தாள். சொன்னேன். அவளும் சிரித்தாள். நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உங்களை நினைத்து நான் அழாமல் சிரித்தது இதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பு ஆறுவதற்குள் உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. மீனை அவள் பார்த்துக்கொள்கிறாள்.

நான் ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் நாள் என்னை உங்கள் பக்கத்தில்தான் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு கையுறையையும் காற்றடைத்து, விளக்கில் பிடித்து, ஊசிமுனை அளவு துளையாவது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை. உங்கள் அம்மா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். என் அம்மாவும் அப்படித்தான், வேறு தோட்டம். "நம்ம அம்மாங்க பாலு எடுத்தாங்க. நம்ம ஓட்ட பாக்குறோம். முன்னேற்றம்தான் லா" என்று சொல்லிவிட்டு நீங்கள் சிரிக்காமல் அடுத்த கையுறையை எடுத்தீர்கள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் விழித்தேன். என்னைவிட நீங்கள் ஆறு வயது மூத்தவர். பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது இழுத்துப் பேசினால், அன்று பார்த்த படத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள்.

படம் என்றால் உங்களுக்கு ஒரே வகைதான். குடும்பத்தோடு பார்க்கிற அறிவியல் கதைப் படம். அம்மா அப்பா பிள்ளைகள் எல்லாரும் கப்பலேறி வேறு கிரகத்துக்குப் போவது, சமையலறையில் ஒரு ரோபோ வந்து சேர்ந்து வீட்டுக்காரர்களில் ஒருவராகிவிடுவது, ஒரு சின்னப் பெண் காலத்தைத் தாண்டிப் போய்த் தன் கொள்ளுப் பேத்தியைப் பார்த்துவிட்டு வருவது. உலகம் அழிந்து, ஊர் சாம்பலாகி, மிச்சம் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளும் படங்களுக்கு நீங்கள் டிக்கெட் எடுத்ததே இல்லை. அழுகைப் படமும் வேண்டாம். அதை அவரவர் வீட்டிலேயே பார்க்கலாம் என்பீர்கள்.

இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு எடுப்பது, நடக்கிற கதையா என்று நான் ஒரு நாள் கேட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. "எல்லாரும் செத்துப்போற மாதிரி காட்றது சுலபம் மல்லி. எல்லாரும் நல்லா இருந்தா, காலையில யாரு பாத்திரம் கழுவுறா, யாரு பிள்ளைக்கு ஊட்டுறான்னு யோசிக்கணும். அதுதான் கஷ்டம். அத யோசிச்சவன்தான் எனக்கு வேணும்." அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. உங்கள் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

தர்ஷினிக்கு எட்டு வயதானபோது பள்ளி விடுமுறையில் எங்கள் இரண்டு பேரையும் ஈப்போ டவுனுக்கு அப்படி ஒரு படத்துக்கு அழைத்துப் போனீர்கள். ஒரு பெரிய கப்பல், அதில் ஊரே இருக்கிறது. தோட்டம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள். நீங்கள் வாயைத் திறந்தபடி பார்த்தீர்கள். முடிந்து வெளியே வந்து, மாமாவின் வேனில் ஏறி உட்கார்ந்ததும் தர்ஷினி கேட்டாள்: "பெரியம்மா, அந்தக் கப்பல்ல ஏன் நம்ம ஆளுங்க யாரும் இல்ல?"

வண்டி ஜெலாப்பாங் திரும்பும் வரைக்கும் சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். இறங்கும்போது, "இருந்திருப்பாங்க கண்ணு. கேமரா அந்தப் பக்கம் திரும்பல" என்று சொன்னீர்கள். அவள் சரி என்று தலையாட்டினாள். உங்களுக்குத்தான் அந்தப் பதில் போதவில்லை என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அதற்கு மூன்று வருடம் கழித்து என் வீட்டுக்காரர் போனார். வேலை முடிந்து மோட்டாரில் வரும்போது லாரி மோதி, அந்த இடத்திலேயே. காரியம் முடியும் வரைக்கும் நான் நன்றாகத்தான் இருந்தேன். எல்லாருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு மெல்ல மெல்ல எல்லாம் நின்றது. முதலில் பசி, பிறகு தூக்கம், பிறகு குளிப்பது. தலை வாருவதற்குக் கையைத் தூக்க முடியாமல் தர்ஷினி எனக்கு வாரிவிட்டாள். பதினோரு வயதுப் பிள்ளை. ஒரு நாள் நான் வெறும் தரையில் உட்கார்ந்து, நானும் போய்விட்டால் அவளுக்குச் சுமை குறையும் என்று அவள் காதில் விழும்படியே சொல்லியிருக்கிறேன். எனக்கு அது நினைவில்லை. அவள் பயந்துபோய் உங்களுக்கு அழைத்தாள். நீங்களும் மாமாவும் வந்து என்னை வேனில் ஏற்றினீர்கள். மருத்துவர் பார்த்துவிட்டு தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்.

நம் ஊரில் அந்தப் பெயரை எதற்குச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா. யாராவது கொஞ்சம் கோணலாகப் பேசினால், இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு என்று சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். அதனால் என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா, நான் பாரிட் புந்தாரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பதாக எல்லாரிடமும் சொல்லிவைத்தார். நீங்கள் மட்டும் வேலையிடத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் ஒளிக்காமல் சொன்னீர்களாம். மனசு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், காய்ச்சல் வந்தால் நாம் போவதில்லையா என்று. தர்ஷினியை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டீர்கள்.

ஞாயிறுதோறும் பிற்பகலில் வந்தீர்கள். மாமா வெளியே வேனில் காத்திருப்பார். மரத்தடியில் ஒரு பெஞ்சு. நான் உங்கள் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேன். நீங்கள் அதைக் கண்டுகொள்ளவே மாட்டீர்கள். எப்படி இருக்கே என்றும் கேட்க மாட்டீர்கள். தர்ஷினி என்ன சாப்பிட்டாள் என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, ஒரு படத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் சொல்வீர்கள். முதல் வாரம் ஒன்று, இரண்டாவது வாரம் ஒன்று. ஒன்றுமே என் மண்டையில் ஏறவில்லை.

மூன்றாவது ஞாயிறு சொன்னது நிலாவில் நடக்கும் கதை. நிலாவில் ஒரு டவுன். வெளியே போகிறவர்கள் எல்லாருக்கும் தனி உடுப்பு, தனிக் கையுறை. அந்தக் கையுறையில் துளை இருக்கிறதா என்று பார்க்க ஒரு பெண் இருக்கிறாள். கேப்டன், விஞ்ஞானி, எல்லார் உயிரும் அவள் கண்ணில் இருக்கிறது. அவளிடம் காட்டாமல் யாரும் கதவைத் தாண்ட முடியாது. அவளுடைய வீட்டுக்காரர் தூரத்தில் ஒரு பள்ளத்துக்கு வேலைக்குப் போகிறார். சமிக்ஞை நின்றுவிடுகிறது. அன்றிலிருந்து அவள் கையுறையைத் தொடுவதில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெளியே போகவேண்டியவர்கள் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள்.

அதோடு நிறுத்திவிட்டுப் பையிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தீர்கள்.

"அப்புறம்?" என்றேன்.

மூன்று வாரத்தில் நானாகப் பேசிய முதல் சொல் அது. உங்கள் கை பொட்டலத்தின் மேலேயே நின்றது. ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

"தெரியாதுலா."

"பாதியில தூங்கிட்டீங்களா அக்கா?"

"இல்ல. அது இன்னும் எடுக்கல." பிறகு மெதுவாகச் சொன்னீர்கள். தர்ஷினி அன்று வேனில் கேட்டதிலிருந்து யோசித்துக்கொண்டே இருந்தீர்களாம். அந்தக் கப்பலில் நம் ஆட்கள் இருந்தால் என்ன வேலை செய்வார்கள் என்று. "நமக்குத் தெரிஞ்சது ஓட்ட பாக்குறதுதானே. அது அங்கயும் வேணும்ல. ஆனா முடிவு எனக்கு வரல மல்லி. நீ சொல்லு."

எனக்கு அப்போது முடிவு தெரியாது. ஆனால் அந்த வாரம் முழுக்க அந்தப் பெண் என் கண்முன் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தாகமாக இருக்குமே என்று ஒரு நாள் எண்ணினேன். அன்று மதியம் நானே எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். மருந்தும் தன் வேலையைச் செய்தது அக்கா, அங்கிருந்த தாதியர் அத்தனை பொறுமையாகப் பார்த்துக்கொண்டார்கள். அதை மறைத்தால் பாவம். ஆனால் குணமாகி எங்கே திரும்பிப் போக வேண்டும் என்று காட்டியது நீங்கள்.

ஏழு வாரம் கழித்து வீடு வந்தேன். அடுத்த பள்ளி விடுமுறையில் நீங்கள் படத்தை எடுத்தே தீருவது என்று கிளம்பினீர்கள். உங்கள் கைப்பேசிதான் கேமரா. நிலாவுக்கு இடம் தேடி, உங்கள் அம்மா வேலை செய்த தோட்டத்துக்கே போனோம். பால்மரம் ஒன்றுகூட இல்லை. செம்பனை வயதாகி, ஒரு பகுதியை வெட்டிச் சாய்த்து, மறு நடவுக்காக மண்ணைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். கண்ணுக்கெட்டிய வரை சிவப்பு மேடும் பள்ளமும். தோட்டத்து ஆட்களின் லயத்து வீடுகள் இருந்த இடம் எது என்றுகூடத் தெரியவில்லை. உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று நான் பயந்தேன். நீங்கள் இடுப்பில் கை வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அட்டகாசம். செட்டு போடாமலே நிலா" என்றீர்கள்.

நிலாவில் சாப்பாட்டுக்கடை வேண்டும் என்பதற்காக நம் பாயைக் கேட்டீர்கள். தொழிற்சாலைக்கு எதிரே கடை வைத்திருக்கும் பாய். முதலில் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தவர், கதையைக் கேட்ட பிறகு வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு ஒரே சந்தேகம்தான். "நெலாவுல பொருளு சட்டுன்னு கீழ விழுவாதாமே. தே தாரிக் எப்படி இழுக்குறது?" நீங்கள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மெதுவா விழும் பாய். நீங்களும் மெதுவா இழுங்க." அந்தக் காட்சியில் பாய் கையை அவ்வளவு நிதானமாக உயர்த்துவார். இன்றைக்குப் பார்த்தாலும் தேநீர் மெதுவாக விழுவது போலத்தான் எனக்குத் தெரிகிறது.

கையுறைக்காரி நான்தான் என்று நீங்கள் முன்பே முடிவு செய்துவிட்டீர்கள். மகளாகத் தர்ஷினி. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, முடிவு வரும் வரைக்கும். கடைசியில் கதவு திறக்கிறது, வீட்டுக்காரர் உயிரோடு உள்ளே வருகிறார் என்று நீங்கள் சொன்னீர்கள். உங்கள் படங்களில் கடைசிக் காட்சியில் எல்லாரும் வீட்டில் இருக்க வேண்டுமே.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. போட்டிருந்த கையுறைகளைக் கழற்றி மண்ணில் எறிந்தேன். "அவரு வர மாட்டாரு அக்கா. போனவங்க வர மாட்டாங்க. எம் பிள்ளை முன்னால நின்னு பொய் சொல்லச் சொல்லாதீங்க."

நீங்கள் கைப்பேசியை நிறுத்திப் பைக்குள் போட்டீர்கள். அடுத்த நாள் வேலையில் உங்கள் இடத்தை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். பத்து நாள். நல்லது செய்ய வந்தவரை நோகடித்துவிட்டேனே என்று நான் உருகினேன். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை. தர்ஷினிதான் இரண்டு வீட்டுக்கும் நடந்தாள்.

பதினோராவது நாள் சாயங்காலம் நீங்களே என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றீர்கள். பேச்சை நன்றாக யோசித்து வைத்திருந்தது தெரிந்தது.

"சரி. அவரு வர வேணாம். ஆனா படம் நல்லாத்தான் முடியணும். அதுல நான் மாற மாட்டேன்."

"எப்படி முடியும் அக்கா?"

"அவளுக்குப் பசிக்கட்டும்" என்றீர்கள்.

மறு ஞாயிறு பாய் கடையில் அதை எடுத்தோம். கையுறைக்காரி நிலா டவுனின் கடைக்குள் நடந்து வருகிறாள். மகள் பின்னால் வருகிறாள். அவள் உட்கார்ந்து, "பாய், பசிக்குது. என்ன இருக்கு?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான். ஐந்து சொற்கள்கூட இல்லை. ஒன்பது தடவை எடுத்தோம். சொல்ல வரும்போதெல்லாம் பாய் என்பதோடு நின்றுவிட்டேன். பத்தாவது தடவை மதியம் இரண்டு மணி தாண்டிவிட்டது, எனக்கு நிஜமாகவே பசித்தது. அதைத்தான் நீங்கள் வைத்துக்கொண்டீர்கள். நடிக்காதது அது ஒன்றுதான் என்று பாய் சொன்னார். சொல்லிவிட்டு அவர் பரிமாறிய மீன்கறிச் சோற்றை நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

படத்தைப் பாய் கடையிலேயே போட்டோம், இரவில் பந்தாட்டம் காட்டும் சுவரில். ஞாயிறு மதியம், கதவைப் பாதி இறக்கி. வேலை செய்கிற பெண்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். நாத்தனாரும் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். மொத்தம் பதினெட்டு நிமிடம். மாமா ரோபோவாக வந்ததும் கடையே அதிர்ந்தது. பேச மாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால் ஊமை ரோபோ. விளக்கைப் போட்ட பிறகு ஒருத்தி, இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்று உங்களைக் கேட்டாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். சொல் என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை.

"தஞ்சோங் ரம்புத்தான்ல" என்றேன் நான். "நான் அங்க ஏழு வாரம் இருந்தேன். அக்கா வந்து சொன்னாங்க."

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் கிளம்பும்போது, பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். தன் தம்பி அங்கே இருக்கிறான் என்றாள். நான்கு வருடமாக யாரிடமும் சொன்னதில்லையாம், சிங்கப்பூரில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். அடுத்த வாரம் போய்ப் பார்க்கப் போகிறேன் என்றாள். போகும்போது நாத்தனார் தர்ஷினியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று, உங்கம்மா நல்லா நடிச்சா என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதும்.

அதற்குப் பிறகு ஐந்து நல்ல வருடம் கிடைத்தது. வருடத்துக்கு மூன்று நான்கு படம் பார்த்தோம். அப்புறம் உங்களுக்குச் சர்க்கரை சிறுநீரகத்தைத் தின்றது. வாரம் மூன்று நாள் இயந்திரத்தோடு இணைத்தார்கள். இயந்திரத்தையும் நீங்கள் கப்பல் என்றுதான் சொன்னீர்கள். கடைசி மாதத்தில் ஒரு காலை, உங்களுக்குப் பிடிக்குமே என்று புதிதாக வந்த படத்தின் கதையை நான் சொல்ல ஆரம்பித்தேன். நீங்கள் கண்ணை மூடியபடியே என் விரலைத் தட்டினீர்கள்.

"முடிவ மொதல்ல சொல்லிடு மல்லி."

"எல்லாரும் வீட்டுக்கு வந்துடுறாங்க அக்கா."

"ம். இப்ப மொதல்லேர்ந்து சொல்லு."

முழுக்கச் சொன்னேன். இடையிடையே கேள்வி கேட்டீர்கள். அந்த வாரமே போய்விட்டீர்கள்.

மாமா இப்போதும் மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து நம் படத்தைப் போடச் சொல்கிறார். நீங்கள் எந்தக் காட்சியிலும் இல்லை. படம் தொடங்கும் முன் ஒரு நொடி, "ம், எடுக்குறேன்" என்ற உங்கள் குரல் மட்டும் இருக்கிறது. அதை வெட்ட மறந்துவிட்டீர்கள். அவர் அதற்காகத்தான் வருகிறார்.

தர்ஷினி பாலிடெக்னிக்கில் மின்னியல் படிக்கிறாள். எனக்கும் ஒரு செய்தி இருக்கிறது. போன மாதம் தொழிற்சாலையில் எங்களை எல்லாம் கூட்டி, கையுறையில் துளை பார்க்க இயந்திரம் வரப்போகிறது என்றார்கள். கேமராவே படம் பிடித்து, நல்லது எது கெட்டது எது என்று பிரித்துவிடுமாம். நம் கதை முடிந்தது என்று பக்கத்தில் இருந்தவள் முணுமுணுத்தாள். அந்த இயந்திரத்துக்கு எது துளை, எது வெறும் நிழல் என்று பழக்கிவிட ஆள் வேண்டும், பயிற்சி தருகிறோம், யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள்.

நான் வருகிறேன் என்றேன். ஐம்பது வயது. கணினியைத் தொட்டதில்லை. என் குரலைக் கேட்டு நானே திரும்பிப் பார்த்தேன். இரண்டு வாரமாகப் பயிற்சிக்குப் போய் வருகிறேன். நேற்று அந்த இயந்திரம் ஒரு நல்ல கையுறையைக் கெட்டது என்று தள்ளியது. விளக்கில் பிடித்துப் பார்த்தேன், வெறும் மடிப்பு. திரையில் அதைத் திருத்திவிட்டு அடுத்ததைக் காட்டினேன். சரியாகச் சொன்னது. என் பக்கத்தில் இப்போது இன்னும் இரண்டு பெண்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள், நாளையிலிருந்து அவர்களும் சேர்கிறார்களாம்.

முன்பெல்லாம் அடுத்த வருடம் என்று யாராவது பேசினால் எனக்குள் ஒரு கதவு அடைத்துக்கொள்ளும். இப்போது பயம்தான் வருகிறது அக்கா. பயப்படுவதற்கு எதிரே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நாளை காலை ஏழு மணிக்கு முதல் ஷிப்ட். நான் சீக்கிரமே போய்விடுவேன்.

உங்கள்
மல்லி